பம்ப்செட்டுக்குக் கிடைத்த மரியாதை விரலுக்கு இல்லையா?

தர்மபுரியிலிருந்து பென்னாகரம் போகும் சாலையில் ஏதாவது ஒரு தச்சுப் பட்டறை வாசலில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். பாலக்கோடு, அரூர், காரிமங்கலம் என்று எந்தப் பக்கம் போனாலும் காட்சி ஏறக்குறைய ஒன்றுதான். பழைய ப்ளைவுட் பலகைக்கு நான்கு கால் அடித்து ஒரு மேசை. நடுவில் ஒரு ஓட்டை. ஓட்டைக்குக் கீழே ரவுட்டர் தலைகீழாகத் தொங்குகிறது. அதன் பிட் மட்டும் மேசைக்கு மேலே ஒரு அங்குலம் எட்டிப் பார்த்தபடி வீறிட்டுக்கொண்டிருக்கிறது. பதினெட்டு, பத்தொன்பது வயசுப் பையன் ஒருவன் கதவுச் சட்டத்தை அதில் வைத்துத் தள்ளுகிறான். பிட்டுக்கும் அவன் விரலுக்கும் நடுவே இருப்பது இரண்டு அங்குல மரமும் கடவுள் நம்பிக்கையும்தான்.

(ரவுட்டர் என்றதும் வீட்டில் வை-ஃபை கொடுக்கிற பெட்டியை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது மரத்தில் காடி எடுக்கிற, ஓரத்தை உருட்டுகிற, கதவில் பூ வேலை செய்கிற மெஷின். இதன் தம்பிக்கு டிரிம்மர் என்று பெயர்.)

மெஷினை நிறுத்தும் சுவிட்ச் எங்கே என்று தேடுங்கள். மேசைக்கு அடியில், மெஷினின் உடம்பிலேயே இருக்கும். நிறுத்த வேண்டுமானால் குனிந்து, கையைக் கீழே விட்டுத் தடவ வேண்டும். அதனால் அந்தச் சுவிட்சை ஆன் செய்தபடியே விட்டுவிட்டு, சுவர் பிளக்கில் போட்டு நிறுத்துவதுதான் வழக்கம். அந்தப் பிளக்கும் சில இடங்களில் கிடையாது. ஒயரின் முனையைச் சீவி, சாக்கெட்டில் விட்டு, தீக்குச்சியால் இறுக்கியிருப்பார்கள்.

இப்போது சாலைக்கு எதிர்ப்பக்கம் திரும்பிப் பாருங்கள். தக்காளித் தோட்டம், மாந்தோப்பு, நடுவில் ஒரு மோட்டார் ரூம். உள்ளே சுவரில் ஒரு ஸ்டார்ட்டர் பெட்டி. பச்சைப் பட்டன், சிவப்புப் பட்டன். கரண்ட் போனால் உள்ளே இருக்கும் காயில் விட்டுவிடும், மோட்டார் நின்றுவிடும். கரண்ட் வந்தாலும் பச்சைப் பட்டனை ஒருவர் வந்து அழுத்தினால்தான் மறுபடி ஓடும்.

மண்ணுக்கு அடியில் கிடக்கிற பம்புக்கு இந்த ஏற்பாடு உண்டு. விரலுக்கு இரண்டு அங்குலம் தள்ளிச் சுற்றுகிற கத்திக்கு இல்லை. இந்த முரண்பாட்டைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

மேசையின் மேல் குற்றம் இல்லை

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ரவுட்டரைத் தலைகீழாக மேசையில் மாட்டுவது தப்பே இல்லை. அது நல்ல யோசனை. கையில் பிடித்துச் செய்வதைவிடப் பல வேலைகளுக்கு அதுதான் பாதுகாப்பானதும்கூட.

ஆர்.எல். கார்ட்டர் என்ற அமெரிக்கர் முதல் உலகப் போர்க் காலத்தில் கையில் பிடிக்கிற மின்சார ரவுட்டரை உருவாக்கினார். 1929-ல் ஸ்டான்லி நிறுவனம் அவருடைய தொழிலை வாங்கியது. கையில் பிடித்து மரத்தின் மேல் ஓட்டுவதற்கென்றே வந்த மெஷின் அது. ஆனால் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு ஒரு சங்கடம் சீக்கிரமே புரிந்தது. அகலமான பலகை என்றால் மெஷின் அதன் மேல் உட்கார்ந்துகொள்ளும். ஒரு அங்குல அகலமுள்ள பீடிங் என்றால் எங்கே உட்காரும்? ஒரு கையில் மெஷின், ஒரு கையில் குச்சி, காலால் மிதித்துக்கொண்டு இன்னொரு முனை. அப்படிச் செய்வதைவிட, மெஷினை ஒரே இடத்தில் நிறுத்திவிட்டு மரத்தை நகர்த்துவது மேல். பெரிய தொழிற்சாலைகளில் ஸ்பிண்டில் மோல்டர் என்று ஒரு மெஷின் இதே வேலையைச் செய்துகொண்டிருந்தது. ரவுட்டர் மேசை அதன் ஏழைச் சொந்தக்காரன்.

நிலைக்கும் ஜன்னல் சட்டத்துக்கும் காடி எடுப்பது, பலகைக் கதவின் பேனலைச் சரிவாக இழைப்பது, கிச்சன் ஷட்டரின் ஓரத்தை உருட்டுவது எல்லாம் இந்த மேசையில் சுத்தமாக வரும். இழைப்புளியும் உளியும் கொண்டு அரை நாள் செய்கிற வேலை அரை மணியில் முடியும்.

ஆகவே இரண்டு கட்சிக்காரர்களிடமும் சண்டை போட்டாக வேண்டும். ஒரு கட்சி, "மெஷின் வந்துதான் கைவேலையே அழிந்தது" என்று பெருமூச்சு விடுகிறவர்கள். வீட்டுக்குக் கதவு போடும்போது சதுர அடிக்கு எவ்வளவு என்று பேரம் பேசுபவர்களும் இவர்கள்தான். கைவேலைக்கு ஆகும் நாளுக்குக் கூலி கொடுக்க இவர்கள் தயாரில்லை. பேசாமல் இருக்கலாம்.

இன்னொரு கட்சி, "கம்பெனி மேசை வாங்கு, இல்லையென்றால் இந்த வேலையே செய்யாதே" என்கிறவர்கள். வெளிநாட்டு வீடியோக்களில் வருகிற வார்ப்பிரும்பு மேசையையும், திருகினால் ஏறி இறங்குகிற லிஃப்ட்டையும் நல்லம்பள்ளியில் பட்டறை வைத்திருப்பவர் எந்தக் காசில் வாங்குவார்? அதைவிட, கம்பெனி மேசை என்பது ஒன்றும் மந்திரப் பெட்டி இல்லை. சமதளமான ஒரு பலகை, மெஷினைத் தாங்க ஒரு தகடு, நேரான ஒரு தடுப்பு, ஒரு மூடி, ஒரு சுவிட்ச். ஐந்தே விஷயம். இதில் எது தர்மபுரி தச்சரின் கைக்கு எட்டாதது? கோயில் தேருக்குச் சக்கரம் செய்யத் தெரிந்த கைகளுக்கு ஒரு மேசை செய்யத் தெரியாதா?

தெரியும். செய்கிறார்கள். ஆனால் ஐந்தில் முதல் மூன்றைச் செய்துவிட்டு, கடைசி இரண்டை விட்டுவிடுகிறார்கள். வேலை நடக்க எது வேண்டுமோ அது இருக்கிறது. விரல் தப்பிக்க எது வேண்டுமோ அது இல்லை. கோளாறு முழுக்க இங்கேதான்.

கரண்ட் வரும் நேரம்

சுவிட்ச் ஏன் அவ்வளவு முக்கியம்?

2008 வாக்கில் தொடங்கி 2012-ல் உச்சத்துக்குப் போன மின்வெட்டை இந்த மாவட்டத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த அளவுக்கு இப்போது இல்லை. ஆனால் கோடை மழையும் காற்றும் வந்தால் கிராமத்து லைன் போவதும் வருவதும் இன்னும் நின்றுவிடவில்லை. தச்சர் மேசையில் வேலை செய்துகொண்டிருக்கிறார், கரண்ட் போகிறது. மெஷின் மெதுவாக நிற்கிறது. கரண்ட் போனால் மனுஷன் என்ன செய்வான்? டீ குடிக்கப் போவான். இல்லையென்றால், "சரி, இந்த நேரத்தில் பிட்டை மாற்றிவிடலாம்" என்று ஸ்பேனரை எடுப்பான். அல்லது பிட்டைச் சுற்றி அடைத்துக்கொண்டிருக்கும் தூளை விரலால் நோண்டி எடுப்பான்.

அந்த நொடியில் கரண்ட் வருகிறது.

மெஷினின் சுவிட்ச் ஆனில்தான் இருக்கிறது. சுவர் சுவிட்சும் ஆனில்தான் இருக்கிறது. யாரும் எதையும் அழுத்த வேண்டியதில்லை. நிமிடத்துக்கு 20,000 சுற்றுக்கு மேல் சுற்றுகிற கத்தி தன்னாலேயே கிளம்பிவிடும்.

இதைத் தடுப்பதற்குத்தான் நோ வோல்ட் சுவிட்ச் இருக்கிறது. பம்ப்செட் ஸ்டார்ட்டரில் இருக்கிற அதே தத்துவம். கரண்ட் இருக்கும்வரைதான் காயில் காந்தமாக இருந்து இணைப்பைப் பிடித்துக்கொண்டிருக்கும். கரண்ட் போனதும் விட்டுவிடும். திரும்ப வந்தாலும் தானாகச் சேராது. மேசையின் முன்பக்கம், தொடைக்கு நேரே மாட்டினால் இரண்டு கையும் மரத்தில் இருக்கும்போதே முழங்காலால் தட்டி நிறுத்தலாம். கடையில் தயாராகக் கிடைக்கிறது. இல்லையென்றால் ஒரு கான்டாக்டரும் இரண்டு புஷ் பட்டனும் வாங்கிக் கொடுத்தால் பம்ப்செட் ஸ்டார்ட்டர் ரிப்பேர் செய்கிற ஊர் எலக்ட்ரீஷியனே செய்து கொடுப்பார். ஆகும் செலவு ஒரு மேஸ்திரியின் ஒரு நாள் கூலியைச் சுற்றித்தான்.

இங்கே ஒருவர் குறுக்கிடலாம். "விவசாயிகளே ஸ்டார்ட்டரில் ஆட்டோ போட்டு வைத்திருக்கிறார்களே? கரண்ட் வந்ததும் மோட்டார் தானாக ஓடுகிறதே?" என்று. உண்மைதான். மும்முனை மின்சாரம் நடுராத்திரியில் வந்தால், தூக்கத்திலிருந்து எழுந்து தோட்டத்துக்கு ஓட முடியாமல் செய்த ஏற்பாடு அது. ஆனால் அந்த மோட்டார் எங்கே இருக்கிறது? போர்வெல்லுக்குள் பல நூறு அடி ஆழத்தில். அங்கே யாரும் விரலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. தானாக ஓடலாம் என்று சலுகை கொடுக்கக்கூடிய மெஷின் அது. தானாக ஓடவே கூடாத மெஷின் இது. தச்சு மேசையில் இருப்பதோ, யாரும் கேட்காமலேயே போட்டுக் கொடுத்த ஆட்டோ.

தலைகீழானால் திசையும் மாறும்

அடுத்தது, யாரும் சொல்லிக் கொடுக்காத விஷயம். கையில் பிடித்திருக்கும்போது மேலிருந்து பார்த்தால் பிட் கடிகாரத் திசையில் சுற்றும். அதையே தலைகீழாகத் தொங்கவிட்டால், மேசைக்கு மேலே நிற்பவருக்கு அது எதிர்த்திசையில் சுற்றும். மெஷின் மாறவில்லை, பார்க்கிற பக்கம்தான் மாறியது. ஆனால் கைப்பழக்கம் மாறியாக வேண்டும்.

பலகையின் தன் பக்கத்து ஓரத்தில் ரவுட்டரை இடமிருந்து வலமாக ஓட்டிப் பழகியவர், மேசையில் மரத்தை வலமிருந்து இடமாகத் தள்ள வேண்டும். அப்படித் தள்ளினால் கத்தி மரத்தை எதிர்த்து வெட்டும், கூடவே மரத்தைத் தடுப்புக் கட்டையோடு அழுத்தியும் வைக்கும். மாற்றித் தள்ளினால்? கத்தி மரத்தைக் கவ்வி இழுத்துக்கொண்டு போகும். அதன் பின்னாலேயே, அதைப் பிடித்திருந்த கையும் பிட்டின் மேல் போகும். இழுக்கப்போகிறது என்று தெரிந்து கையை எடுக்க மனிதனுக்கு நேரம் கிடையாது.

இன்னொரு தப்பு, தடுப்புக்கும் பிட்டுக்கும் இடையே உள்ள சந்தில் மரத்தை நுழைப்பது. "இந்தக் குச்சி அரை அங்குலம்தானே, சந்தில் விட்டால் ஒரே அளவாக வரும்" என்று தோன்றும். அந்தச் சந்தில் வழக்கம்போல வலமிருந்து தள்ளினால், பிட் மரத்தை அம்பு மாதிரி எய்துவிடும். எதிரே யார் நிற்கிறார்களோ அவர்கள் பாடு.

மூன்றாவது, பிட்டின் காம்பு. 6 மில்லி காம்பு என்றும் 6.35 மில்லி, அதாவது கால் அங்குலக் காம்பு என்றும் இரண்டும் விற்கிறார்கள். பெரிய மெஷினுக்கு 12 மில்லியும் 12.7 மில்லியும். கண்ணுக்கு ஒன்று போலவே இருக்கும். 6.35 காலெட்டில் 6 மில்லி பிட்டைப் போட்டு இறுக்கினால் இறுகின மாதிரியும் இருக்கும். வேலை நடுவில் வழுக்கி மேலே ஏறும். கையில் பிடித்து ஓட்டினால் அது மரத்துக்குள் ஏறும், மரம் கெடும். தலைகீழ் மேசையில் அது கையைப் பார்த்து ஏறும்.

இவை எதுவும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை, அரை மணி நேரத்தில் சொல்லிக் கொடுத்துவிடலாம். அந்த அரை மணி நேரம் யாருக்கும் கிடைக்கவில்லை. கிடைத்திருக்க வேண்டும் என்று யாரும் கேட்கவும் இல்லை.

"கை பழகிப்போச்சுங்க"

இந்தப் பேச்சை எந்தப் பட்டறையில் எடுத்தாலும் வருகிற பதில் இதுதான். "இருபது வருஷமா செய்யறோம், கை பழகிப்போச்சுங்க."

பழகிய கைக்கு மரியாதை உண்டு. ஆனால் கணக்கு ஒன்றைப் பார்க்கலாம். 50 மில்லி விட்டமுள்ள பிட் நிமிடத்துக்கு 24,000 சுற்று சுற்றினால், அதன் ஓரம் நொடிக்கு சுமார் 63 மீட்டர் ஓடுகிறது. மணிக்கு 226 கிலோமீட்டர்! அந்த அளவு பிட்டை 18,000 சுற்றுக்கு மேல் ஓட்டாமல் இருப்பதே சரி. ஆனால் வேகம் குறைக்கும் சக்கரம் சில மெஷின்களில் கிடையாது, இருந்தாலும் தொடுகிறவர் குறைவு. இரண்டு பல் உள்ள பிட் என்றால் நொடிக்கு 800 முறை வெட்டு விழுகிறது. பழகிய கை சுதாரிக்க ஒரு நொடியில் கால் பங்கு வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் 200 வெட்டு. கத்தியோடு போட்டி போட்டுப் பழகிக்கொள்ள முடியாது. இருபது வருஷம் ஒன்றும் ஆகவில்லை என்பதில் கைத்திறமையும் இருக்கிறது, அதிர்ஷ்டமும் இருக்கிறது. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல அந்தக் கைக்கே தெரியாது.

இன்னொன்றும் இருக்கிறது. அரிவாளால் துண்டான விரலை ஒட்டவைக்க முடிகிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் ஆர். வெங்கடசாமி வளர்த்தெடுத்த கை அறுவைச் சிகிச்சைத் துறை நாடறிந்தது. கோவை கங்கா மருத்துவமனையும் துண்டான கைகளை ஒட்டவைப்பதில் பெயர் பெற்றது. துண்டான விரலைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸில் வைத்து (விரலை நேராக ஐஸில் போடக்கூடாது) சீக்கிரம் கொண்டுபோனால் வாய்ப்பு உண்டு. ஆனால் ரவுட்டர் விரலைத் துண்டாக்குவதில்லை, துருவிவிடுகிறது. தேங்காயைத் துருவிய பிறகு மூடியில் ஒட்டவைக்க முடியுமா? எவ்வளவு கெட்டிக்கார டாக்டராக இருந்தாலும் ஒட்டுவதற்கு ஏதாவது மிச்சம் இருக்க வேண்டுமே!

ஒரு விரல் என்ன விலை?

விரலுக்கு விலை உண்டு. சட்டமே எழுதி வைத்தது. 1923-ல் வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஒவ்வொரு விரலுக்கும் ஒரு சதவீதம் இருந்தது. கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் போனதாகக் கணக்கு. ஆள்காட்டி விரல் முழுவதும் போனால் 14. நடுவிரல் 12. மோதிர விரலோ சுண்டு விரலோ 7.

குமாஸ்தாவுக்கும் தச்சருக்கும் ஒரே சதவீதம்! ஆள்காட்டி விரல் இல்லாத தச்சர் உளியை எப்படிப் பிடிப்பார், ஆணியை எப்படி நிறுத்துவார் என்று அந்த அட்டவணை கேட்கவில்லை.

பணமாகப் போட்டுப் பார்த்தால், 2020 ஜனவரியில் இந்தக் கணக்குக்கான மாதச் சம்பள உச்சவரம்பு 15,000 ரூபாய் ஆனது. அந்தச் சம்பளத்தில் 60 சதவீதம், 30 வயதுக்காரருக்கான காரணி 207.98, அதில் 14 சதவீதம். ஆள்காட்டி விரலுக்குச் சுமார் 2 லட்சத்து 62 ஆயிரம் ரூபாய் வருகிறது. அந்தச் சட்டம் பிறகு 2020-ன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய், 2025 நவம்பர் 21-ல் அந்தத் தொகுப்பு நடைமுறைக்கு வந்தது.

ஆனால் இந்த 2 லட்சத்து 62 ஆயிரமும் யாருக்கு? "இவர் என் முதலாளி" என்று கைகாட்ட ஒருவர் இருக்கிறவருக்கு. மேஸ்திரியோடு ஓசூருக்கும் பெங்களூருக்கும் போய், சைட்டிலேயே படுத்து, வாரச் சம்பளம் கையில் வாங்குகிற பையனுக்கு யார் முதலாளி? வீட்டுக்காரரா, கான்ட்ராக்டரா, சப் கான்ட்ராக்டரா, சொந்தக்கார மாமாவா? வருகைப் பதிவேடு இல்லை, சம்பள ரசீது இல்லை. விரல் போனால் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்து, ஊருக்கு பஸ் ஏற்றிவிடுவார்கள்.

தொழிற்சாலைச் சட்டமாவது காப்பாற்றுமா? 1948-ன் சட்டம் சுழலும் மெஷின்களுக்குத் தடுப்பு போடச் சொன்னது. ஆனால் மின்சாரம் வைத்து 10 பேராவது வேலை செய்தால்தான் அது தொழிற்சாலை. புதிய சட்டத் தொகுப்பு அதை 20 பேராக உயர்த்திவிட்டது. மூன்று பேர் வேலை செய்கிற பட்டறை அன்றும் தொழிற்சாலை இல்லை, இன்றும் இல்லை. சட்டம் ஆளைத்தான் எண்ணுகிறது, விரலை எண்ணவில்லை.

அப்படியானால் யார் பொறுப்பு?

பழியைப் பையன் மேல் போடுவது சுலபம். "கவனமில்லாம இருந்துட்டான்." கவனம் தவறும் என்று தெரிந்துதான் உலகத்தில் மூடியும் தடுப்பும் கண்டுபிடித்தார்கள். கவனம் தவறாத மனுஷனுக்கு மூடி எதற்கு?

முதல் பொறுப்பு மேசையைச் செய்கிறவருக்கு. அதாவது பட்டறை முதலாளிக்கு, மேஸ்திரிக்கு. தான் ஓட்டுகிற மேசையில் தன் விரலைப் பணயம் வைப்பது அவர் இஷ்டம் என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த வீட்டுப் பையனின் விரலைப் பணயம் வைக்க அவருக்கு என்ன உரிமை?

இரண்டாவது, வேலை கொடுக்கிறவர்கள். இன்டீரியர் என்ற பெயரில் பெரிய தொகைக்குக் கணக்கு எழுதுகிற கான்ட்ராக்டர்கள் மைக்காவுக்குப் பிராண்ட் கேட்கிறார்கள், கீலுக்குப் பிராண்ட் கேட்கிறார்கள். சைட்டில் ஓடுகிற மேசைக்கு மூடி இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. வீட்டுக்காரர்களும் அப்படித்தான். கிரகப்பிரவேசத் தேதிக்குள் முடிக்க வேண்டும் என்று ராத்திரி பத்து மணிக்கும் மெஷினை ஓட்டவைத்தால், தூக்கக் கலக்கத்தில் போகிற விரலில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

மூன்றாவது, வீடியோ போடுகிறவர்கள். "வெறும் 500 ரூபாயில் ரவுட்டர் டேபிள்!" என்று தலைப்பு. மூடி போட்டால் கேமராவில் வெட்டு தெரியாது என்று மூடியைக் கழற்றிவிட்டுக் காட்டுகிறார்கள். பார்க்கிற பையனுக்கு, மூடி இல்லாததுதான் முறை என்று பதிகிறது.

நான்காவது, அரசாங்கங்கள். மத்திய அரசு 2023 செப்டம்பர் 17-ல் விஸ்வகர்மா திட்டத்தைத் தொடங்கியது. 18 தொழில்களில் தச்சுத் தொழிலும் ஒன்று, கருவி வாங்க 15,000 ரூபாய். குடும்பத் தொழிலைக் கட்டாயமாக்குகிறது என்று சொல்லி, தமிழக அரசு 2024-ல் அதை அப்படியே ஏற்க மறுத்தது. 2025 ஏப்ரல் 19-ல் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கியது. 25 தொழில்கள், 3 லட்சம் ரூபாய் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம். யாருக்குக் கொடுப்பது என்பதில் நடந்த விவாதம் அவசியமான விவாதம்தான். ஆனால் அந்தப் பணத்தில் வருகிற மெஷின் எப்படி மாட்டப்பட வேண்டும் என்று அதே சூட்டோடு யார் விவாதித்தார்கள்? மின்சாரத்தில் ஓடும் கத்திக்குப் பொதுப்பணம் போகிறதென்றால், கூடவே ஒரு நோ வோல்ட் சுவிட்சும் ஒரு மூடியும் அரை நாள் பயிற்சியும் போக வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

ஐந்தையும் செய்தால் என்ன?

குறை சொல்லிவிட்டு நழுவுவது நியாயமில்லை. சரியான மேசைக்குப் பெரிய வித்தை எதுவும் வேண்டாம்.

பலகை: 18 மில்லி ப்ளைவுட் இரண்டை ஒட்டி, மேலே மைக்கா போட்டால் வளையாது, மரம் வழுக்கிக்கொண்டு போகும்.

தகடு: மெஷினை நேராக ப்ளைவுட்டில் மாட்டினால் பலகையின் கனமே பிட்டின் உயரத்தைத் தின்றுவிடும். பிட்டை மேலே இழுத்துக் காலெட்டின் நுனியில் பிடிக்கிற ஆபத்தான பழக்கம் இதனால்தான் வருகிறது. பலகையில் பள்ளம் எடுத்து 8 அல்லது 10 மில்லி ஹைலம் தகட்டையோ அலுமினியத் தகட்டையோ சமமாகப் பதித்து, மெஷினின் அடித்தட்டில் இருக்கும் திருகு ஓட்டைகளிலேயே அதை முடுக்க வேண்டும். திருகின் தலை தகட்டுக்குள் அமுங்கியிருக்க வேண்டும். பிட்டின் காம்பு காலெட்டுக்குள் முக்கால் அங்குலத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

தடுப்பு: நேரான இரண்டு பலகையை மூலைமட்டத்தில் வைத்து எல் வடிவத்தில் சேர்த்து, நடுவில் பிட்டுக்கு இடம் விட்டு, பின்னால் தூசி உறிஞ்சும் குழாய்க்கு ஒரு ஓட்டை. தூசி சின்ன விஷயம் இல்லை. மரத்தூசியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1995-லேயே முதல் பிரிவில் சேர்த்துவிட்டது.

மூடி: தடுப்பின் மேல் திருகிய ஒரு துண்டு அக்ரிலிக். பிட் தெரியும், விரல் போகாது. தள்ளுவதற்குக் கைப்பிடி வைத்த ஒரு கட்டை. சீப்பு மாதிரி வெட்டிய ஒரு பலகை இருந்தால் மரம் பின்னால் எகிறாது. எல்லாம் பட்டறைக் கழிவிலேயே கிடைக்கும்.

சுவிட்ச்: மேலே சொன்னதுதான். பிட் மாற்றும்போது பிளக்கை உருவி, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி மேசை மேல் வைத்துவிட வேண்டும்.

கையுறை போடக்கூடாது. தொளதொள முழுக்கை, தோளில் துண்டு, மணிக்கட்டில் கோயில் கயிறு எதுவும் கூடாது. கயிற்றைக் கழற்றினால் சாமி கோபித்துக்கொள்ளாது. பிட்டில் சுற்றினால் கயிறு மட்டும் அறுந்து வராது.

ஆக மொத்தம் ஒரு நாள் வேலை, ஓரிரு நாள் கூலி. அதிகம் என்கிறவர்கள், 14 சதவீதக் கணக்கை இன்னொரு தரம் படித்துப் பார்க்கலாம்.

தச்சர்கள் ஆயுத பூஜையன்று மெஷின்களுக்குப் பொட்டு வைத்து, பூ சாத்தி, அன்றைக்கு ஒரு நாள் அவற்றைத் தொடாமல் விடுகிறார்கள். அடுத்த ஆயுத பூஜைக்கு, அந்தச் சந்தனத்தை வைக்க மேசையின் முன்பக்கம் ஒரு சிவப்புப் பட்டன் இருக்கட்டும். எதிர்த் தோட்டத்து பம்ப்செட்டுக்கு இருக்கிற மாதிரி.